பதினாலாவது கேள்வி

3 ஜூன், செவ்வாய்

களப் பணியாளர்கள் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்று இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வடிவு உத்தரவு போட்டு, நீல அட்டை நோட்டு ஒன்றும் கொடுத்திருக்கிறாள். அது அவள் படிப்பதற்கு. இது நான் படிப்பதற்கு.

ஆராய்ச்சி இவ்வளவுதான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் மனச்சோர்வுக்காகச் சுகாதார நிலையத்தில் பதிந்த அறுபது பேர். பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் நல்ல பாக்டீரியா கலந்த பொடி. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வடிவுக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை நான் வீடு வீடாகப் போய் இருபது கேள்வி கேட்டு, அவர்கள் எடுத்துவைத்திருக்கும் மலக் குப்பியை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். குடலில் உள்ள கிருமிகள் மாறினால் மனசும் மாறுகிறதா என்று கல்லூரியில் பார்ப்பார்கள். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம், வயது ஐம்பத்திரண்டு. பீக்குப்பி சுமக்கிறேன்.

இன்று பனையடிப்பட்டி. முதல் வீடு முப்பிடாதி, நாற்பத்தேழு வயது, பீடி சுற்றுகிறவள், கணவன் இல்லை. மடியில் பீடி இலை பரப்பிய சுளகு, கையில் கத்தரி.

"கேளுங்க சார். கை பாட்டுக்குச் சுத்தும், வாய் பாட்டுக்குச் சொல்லும்."

தூக்கம், பசி, அழுகை, எல்லாம் ஒழுங்காக வந்தது. பதினாலாவது கேள்வி: கடந்த ஏழு நாட்களில் உங்களுக்கு வயிற்றெரிச்சல் எந்த அளவுக்கு இருந்தது? பூஜ்யம் முதல் பத்துக்குள் சொல்லவும்.

கத்தரி நின்றது. "யாரு மேல?"

"என்னம்மா?"

"வயித்தெரிச்சல்ங்கீயளே, யாரு மேலன்னு கேக்கேன்." அடுத்த வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அங்கே இருப்பது அவளுடைய ஓரகத்தி பொன்னுத்தாய். "பத்துக்கு மேல கெடையாதா?"

பத்து என்று எழுதிக்கொண்டேன். பேருந்தில் வரும்போதுதான் முழுதாக உறைத்தது. ஆங்கிலத்தில் கேட்டிருப்பது மேல்வயிற்றில் எரிகிற வலி. சென்னையில் யாரோ அதை வயிற்றெரிச்சல் என்று மொழிபெயர்த்திருக்கிறார். இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தபோது அச்சாக அதே வாக்கியம் வந்திருக்கிறது. சரி என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஊரில் ஒருவரிடமாவது அந்தச் சொல்லை வாய்விட்டுக் கேட்டார்களா?

வடிவிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.

4 ஜூன், புதன்

சொல்லவில்லை.

2006-இல் பழைய சோற்றுத் தண்ணீரிலிருந்து நான்கு வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவன் நான். பதினெட்டு மாத வேலை. என் வழிகாட்டி அந்தக் குப்பிகளை அப்போது எம்.டி. படித்துக்கொண்டிருந்த வடிவாம்பாளிடம் கொடுத்தார். கட்டுரை அவள் பெயரில் வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றியில் இருந்தது, ஆய்வகம் கூட்டுகிறவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நடுவில். பூவலிங்கம் என்பதைப் பூலிங்கம் என்று போட்டிருந்தார்கள். நான் முனைவர் பட்டத்தை முடிக்கவில்லை. அவள் இன்று துறைத் தலைவர். நான் அவளுக்குக் கீழே ஒப்பந்த வேலை.

ஆகஸ்ட் 22 அன்று டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அன்றைக்கு எழுந்து நின்று, "மேடம், இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று யாராவது சொல்ல முடியுமா?" என்று கேட்பேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யப் போவதில்லை.

10 ஜூன், செவ்வாய்

இன்று எல்லா வீட்டிலும் பதினாலுக்குக் கதைதான். ஒருத்திக்கு மருமகள், ஒருத்திக்கு நிலத்தை எழுதி வாங்கிய அண்ணன். எட்டு, ஒன்பது, பத்து.

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. உலகநாதன், ஓய்வு பெற்ற தபால்காரர்.

"வயித்தெரிச்சலா? அந்தக் குணமே நம்மகிட்ட கெடையாது சார். எவன் நல்லாயிருந்தாலும் எனக்குச் சந்தோசம். பூஜ்யம் போடுங்க." சொல்லிவிட்டு ஒரு ஏப்பம் விட்டு, சட்டைப் பையிலிருந்து நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஜெலுசில் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுச் சப்பினார். பூஜ்யம் போட்டேன்.

வடிவின் விதிமுறைத் தாளில் ஒரு வரி இருக்கிறது. பதினாலாவது கேள்விக்கு எட்டோ அதற்கு மேலோ இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் குடற்புண் இருக்கலாம், கல்லூரி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அனுப்பட்டும். ஓரகத்திச் சண்டைக்கு எண்டோஸ்கோப்பி எடுக்கட்டும்.

12 ஜூன், வியாழன்

வயிறு சரியில்லை. மோர் மட்டும்.

13 ஜூன், வெள்ளி

பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள், மனசுக்கு உகந்த செரட்டோனினில் தொண்ணூறு சதவீதம் குடலில்தான் சுரக்கிறது, ஆகவே தயிர் சாப்பிடுங்கள், மனம் மகிழும். குடலில் சுரப்பது நேரே மூளைக்குள் போக முடியாது என்பதை எழுத மாட்டார்கள். குடலுக்கும் மூளைக்கும் பேச்சு உண்டு. ஆனால் சுற்றுவழியில். வேகஸ் என்கிற நீண்ட நரம்பு வழியாக, ரத்தத்தில் கலக்கும் அமிலங்கள் வழியாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழியாக. பெரும்பாலும் கீழிருந்து மேலேதான் செய்தி போகிறது. மேலே இருப்பவர் கேட்டுக்கொள்கிறாரா என்பது வேறு விஷயம். எந்த அலுவலகத்தில்தான் கேட்கிறார்கள்?

மனச்சோர்வு உள்ள மனிதர்களின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எலிகள் சர்க்கரைத் தண்ணீரில்கூட ஆசை இழந்து மூலையில் ஒடுங்கினவாம். என் குடலில் இருப்பதை ஓர் எலிக்குக் கொடுத்தால் அது பத்தொன்பது வருஷம் ஒருத்தியை மன்னிக்காமல் இருக்குமா?

என் மனைவி மரகதம் மாடியில் படுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கீழே புழுக்கம் என்கிறாள். மாடியில்தான் புழுக்கம் அதிகம்.

17 ஜூன், செவ்வாய்

முப்பிடாதிக்கு மறுபடி பத்து. முதுகு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறாளாம், காலையும் மாலையும், கறுப்பு டீயோடு. "குனிஞ்சே கெடக்கேன்லா சார்." மருந்துக் கட்டத்தில் எழுதினேன்.

குப்பியின் மேல் மலத்தின் நிறம் குறிக்க வேண்டும். கறுப்பு. இரும்புச் சத்து மாத்திரையாக இருக்கும். கேட்கவில்லை, அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

18 ஜூன், புதன்

வடிவு தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், பதினாலாவது கேள்வியப் பாத்தீங்களா? அறுபதுல நாப்பத்தொரு பேருக்கு எட்டுக்கு மேல. இத்தன பேருக்கு அல்சரா? கேள்வில ஏதும் கோளாறு இருக்குமா?"

"இந்தப் பக்கம் காரம் ஜாஸ்தி மேடம். மொளகாத் துவையல் இல்லாம சோறு எறங்காது."

"நாப்பத்தொரு பேரையும் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்ப முடியாது சார். அப்ப பதினாலுக்கு மட்டும் அந்த விதிய நிறுத்தி வச்சிரலாமா? நீங்க என்ன நெனைக்கீங்க?"

"உங்க இஷ்டம் மேடம்."

நான் என்ன நினைக்கிறேன் என்று பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்கிறாள்.

விதியை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலமே மின்னஞ்சல் வந்தது.

24 ஜூன், செவ்வாய்

முப்பிடாதி பத்து. வேடிக்கைக்காக, "எப்ப எரியும்?" என்று கேட்டேன்.

"விடியங்காட்டி சார். நாலு மணிக்கே முழிப்பு வந்துரும். எரிஞ்சு எரிஞ்சு வரும். எந்திரிச்சு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாத்தான் அடங்கும்."

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொல்லிச் சிரித்தேன். ஓரகத்தி மேல் உள்ள பொறாமை கஞ்சிக்கு அடங்குகிறதாம். மரகதம் சிரிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டே, "அவளுக்கு நெசமாவே எரியுதோ என்னமோ" என்றாள்.

என் துறையில் நீ கருத்துச் சொல்ல வேண்டாம் என்றேன்.

"உங்க தொறையில நீங்களே சொல்ல மாட்டேங்கீய. அதாம் நான் சொல்லுதேன்."

குக்கரை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

27 ஜூன், வெள்ளி

மரகதம் இட்லி வைத்திருந்தாள். ஒன்று சாப்பிட்டேன்.

1 ஜூலை, செவ்வாய்

முப்பிடாதி பத்து. கறுப்பு. படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது அவளுக்கு. மூன்று படிதான்.

ஊர்க்காரர்கள் என்னை 'வயித்தெரிச்சல் சார்' என்கிறார்களாம். தேநீர்க் கடையில் ஒருவன் என் காதில் விழும்படி சொன்னான். பட்டப் பெயராவது பிழையில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

5 ஜூலை, சனி

இந்த நோட்டில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதிவிடுவது நல்லது. கேள்விப் பட்டியலின் தமிழ் வடிவத்தை மார்ச் மாதமே வடிவு எனக்கு அனுப்பியிருந்தாள். 'ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க சார்.' நான் கோப்பைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து 'சரியாக உள்ளது' என்று பதில் போட்டேன். இலவசமாகத் திருத்திக் கொடுக்க நான் அவளுக்கு வாத்தியார் இல்லை.

அது வேறு விஷயம். மொழிபெயர்ப்பின் பொறுப்பு மொழிபெயர்த்தவனுடையது.

8 ஜூலை, செவ்வாய்

முப்பிடாதியின் மனநிலை எண்கள் நன்றாக ஏறியிருக்கின்றன. அழுகை இல்லை. தூக்கம்தான் விடியற்காலையில் கெடுகிறது.

"அந்தப் பொடியா, நீங்க வாராவாரம் வந்து கேக்கீயளே அதுவான்னு தெரியல, மனசு லேசாத்தான் இருக்கு சார். பொன்னுத்தாயிகூட பேசிட்டேன். அவ மக சடங்குக்கு அதிரசம் குடுத்துவிட்டா, வாங்கி வச்சுக்கிட்டேன்."

"அப்ப பதினாலு குறைஞ்சிருக்கணுமே?"

"அது பத்துதாம்." சுளகின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அது மட்டும் போவ மாட்டேங்கு."

ராசியாகிவிட்டாளாம், ஆனால் எரிச்சல் பத்தாம். மனிதர்கள் அப்படித்தான், அதிரசத்தையும் வாங்கிக்கொள்வார்கள். முகம் வெளுத்திருந்தது. பவுடர் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

இப்போது எழுதும்போது, பீடி சுற்றுகிறவள் காலை எட்டு மணிக்கு எதற்குப் பவுடர் போடுகிறாள் என்று தோன்றுகிறது. அடுத்த வாரம் கேட்கலாம்.

15 ஜூலை, செவ்வாய்

வீடு பூட்டியிருந்தது. பொன்னுத்தாய் வாளித் தண்ணீரை ஊற்றி முப்பிடாதியின் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"முப்பிடாதி எங்கம்மா?"

"விடியக்காலம் ரத்தமா வாந்தி எடுத்துட்டா சார். கட்டி கட்டியா. எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு."

நான் ஐஸ் பெட்டியோடு நின்றேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"ஏன் சார், வாராவாரம் உங்ககிட்டத்தான சொன்னா, வயிறு எரியுது எரியுதுன்னு? ஆஸ்பத்திரிக்குப் போடின்னு நான் சொல்லுத அன்னைக்கெல்லாம், 'காலேஜ்லருந்து சார் வந்து எழுதிட்டுப் போறாக, அவுக பாத்துக்கிடுவாக'ன்னுதான் சொல்லுவா. நீங்க எழுதுனதெல்லாம் எங்க சார் போச்சு?"

அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றேன்.

மீதி வீடுகளுக்குப் போகவில்லை.

16 ஜூலை, புதன்

உயிர் இருக்கிறது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

17 ஜூலை, வியாழன்

குடல் தொடங்கும் இடத்தில் புண், அதன் அடியில் ஒரு ரத்தக்குழாய். வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் நிற்க கிளிப் போட்டிருக்கிறார்கள். வலி மாத்திரை ஒரு காரணம், இரைப்பையில் குடியிருந்த ஒரு பாக்டீரியா இன்னொரு காரணம். அந்த பாக்டீரியாவைப் பற்றி எம்.எஸ்ஸி.யில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். வெறும் வயிற்றில் எரியும், விடியற்காலையில் எரியும், சாப்பிட்டால் அடங்கும், ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். எல்லாம் என் கையெழுத்தில் ஆறு தாள்களில் இருக்கிறது. அவளுடைய ஆறு குப்பிகளும் கல்லூரியில் உறைகுளிரில் இருக்கின்றன. அவள் குடலுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பை டிசம்பரில் ஆராய்வதாக இருந்தோம்.

மரகதம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

19 ஜூலை, சனி

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் வடிவு உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது.

"அந்த விதிய நிறுத்தினது நான்தான் சார். ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதப் போறேன். ஸ்டடிய மூடிருவாங்க. மூடட்டும். அந்த அம்மா செத்திருந்தா?"

இந்த முகத்தைப் பார்க்கத்தான் பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். பார்த்தேன். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன்.

"மேடம், அந்தக் கேள்வியில சொல் தப்பு. மொத நாளே எனக்குத் தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை. மருத்துவக் கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக அவளுக்கு வயிறு ஓர் உறுப்பு மட்டும்தான்.

"'என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிடாத'ன்னு உங்க அம்மா யாரையும் ஏசினதில்லையா?"

வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். புரிந்துவிட்டது. நாற்பத்தொரு பேர் ஏன் எட்டும் பத்தும் சொன்னார்கள் என்பதும் புரிந்திருக்க வேண்டும், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மார்ச்லயே உங்களுக்கு அனுப்பினேனே சார்."

"தெறக்கவே இல்ல."

"சரின்னு போட்டிருந்தீங்க."

"ஆமா."

"நீங்க பாத்தாப் போதும்னு வேற யாருக்குமே அனுப்பல." என் பக்கம் திரும்பிக் கேட்டாள், "எதுக்கு சார்?"

2006 என்றேன். பழைய சோற்றுக் கட்டுரை என்றேன். அவள் யோசிக்க வேண்டியிருந்தது. நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தாள். "அதுல நன்றில உங்க பேரு இருந்துச்சே" என்றாள்.

நான் சுமந்தது அவளிடம் இல்லவே இல்லை. ஒரு பிரதிகூட இல்லை.

21 ஜூலை, திங்கள்

நெறிமுறைக் குழுவுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். 'கேள்வியின் பிழையையும் அதனால் வரக்கூடிய ஆபத்தையும் தெரிந்தே மறைத்தேன்.' வடிவு படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

"இந்தத் 'தெரிந்தே'ய எடுத்துருங்க சார். அஜாக்கிரதைன்னு போயிரும். வேற எடத்துல வேலையாவது கிடைக்கும்."

"ஏன் மேடம்?"

"எனக்கு உங்க மேல கோபம் இல்லன்னு நெனைக்காதீங்க. ரொம்ப இருக்கு. அதுக்காக உங்கள ஒழிச்சுக் கட்டணுமா?"

எடுக்கவில்லை. அவளுடைய தயவில் தப்பிக்க முடியாது என்பதாலா, அதுதான் உண்மை என்பதாலா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும் கலந்திருக்கும். கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையையும் நீல நோட்டையும் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பொருள் பிழையில்லாத புதுக் கேள்வியை ஒரு தாளில் எழுதி அவற்றோடு வைத்தேன். மூன்று வரி ஆகிறது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, உடம்பில், தீப்பட்டதுபோல.

மரகதத்திடம் சொன்னேன். "முப்பிடாதிகிட்ட சொன்னீயளா?" என்று மட்டும் கேட்டாள்.

22 ஜூலை, செவ்வாய்

பெண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டில். பொன்னுத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"செவ்வாக்கெழம தப்பாம இங்கயும் வந்துட்டீயளா? எங்க தாளு? கேளுங்க."

தாள் இல்லை என்றேன். இனி நான் வர மாட்டேன், வேறு ஒருவர் வருவார், வராமலும் போகலாம் என்றேன். பிறகு சொன்னேன். அந்தக் கேள்வி உடம்பு எரிச்சலைப் பற்றியது, சொல் தப்பாக இருந்தது, எனக்குத் தெரியும், ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அந்தக் கட்டிலுக்கு முன்னால் நின்று சொன்னபோது 2006 மிகச் சின்னதாக இருந்தது.

"அப்ப நான் எரியுதுன்னு சொன்னப்பல்லாம், இவளப் பாத்து எரியுதேன்னா நெனச்சீய?"

"ஆமா."

பொன்னுத்தாயின் கரண்டி நடுவில் நின்றது. முப்பிடாதி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"மொத வாரம் அப்படித்தாம் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது. பொறவு நெசமாவே எரிஞ்சிச்சு. ரெண்டுக்கும் ஒரே பேரா வச்சிருந்தா நான் என்ன செய்ய?"

"வாயத் தொற, ஆறுது" என்றாள் பொன்னுத்தாய்.

முப்பிடாதி திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. பீடி இலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அப்படி.

"சிரிச்சீயளா?"

"இல்லம்மா."

"இங்க வச்சுச் சிரிக்கல. நான் பாத்தேன்லா. வீட்டுல போயி?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"சிரிச்சேன்" என்றேன்.

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். பிறகு பொன்னுத்தாய் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். கரண்டி போனது. இன்னொரு கரண்டி. இருவரும் நான் போய்விட்டதைப் போலவே இருந்தார்கள். கிண்ணம் காலியாகும்வரை நின்றேன்.